கூடுதலாய் ஒரு கூறு

எனக்கு எழுத்துத்தான் சோறு போட்டது. கடைப் பலகை, பள்ளிக்கூடச் சுவர், சைக்கிள் கடை வாசலில் "கடன் இல்லை", கோயில் வாசலில் "செருப்பைக் கழற்றவும்" என்று எது எழுதுவதானாலும் யாழ்ப்பாணத்தில் என்னைத் தேடித்தான் வருவார்கள். அப்படிப்பட்ட நான், வாழ்க்கையில் ஒரே ஒரு வேலையில் தூரிகையும் கையுமாய் நின்றுவிட்டு எழுதாமல் திரும்பியிருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு பெண். கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை மையில் உருட்டுகிறவர். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்கே பிடிக்காது. குடியேற்றத்தில் எல்லோரும் அவரைச் சம்மாட்டி அக்கா என்றார்கள். கரைவலையின் சொந்தக்காரரை முல்லைத்தீவுக் கரையில் சம்மாட்டி என்பார்கள். அக்காவுக்கு வலையும் கிடையாது, வள்ளமும் கிடையாது. இளம் வயதில் விதவையாகி, மாமா முறையான ஒருவரின் வலைக்குக் கயிறு இழுத்துத் தன் ஒரே மகனை வளர்த்தவர். ஆனால் வாயைத் திறந்தாரென்றால் நாலு வலைக்குச் சொந்தக்காரி மாதிரி அதிகாரம் பறக்கும். அதனால் வந்த பட்டம் அது.

கரகரத்த குரல். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு மாதா சுரூபம். கயிறு உரசி உரசிக் காய்த்துப்போன உள்ளங்கை. கிணற்றடியில் வாளி வரிசைக்கும் நிவாரணக் கடையில் மா வரிசைக்கும் சண்டை பிடிக்காத நாளில்லை. சண்டை முடிந்து போகும்போதும் எதிராளிக்கு முதுகைக் காட்டமாட்டார். முகத்தைப் பார்த்துத் திட்டியபடியே, அடி மேல் அடியாகப் பின்னுக்கு நடந்து போவார். கரைவலை இழுக்கிறவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு பின்னுக்குத்தான் நடப்பார்களாம். அந்தப் பழக்கம் காட்டோரத்துக்கு வந்த பிறகும் காலை விட்டுப் போகவில்லை.

இரணைமடுக் குளத்து மீனை வாங்கி வந்து குடியேற்றத்தில் விற்றுத்தான் சீவியம். தன் வாயில் மட்டும் அந்த மீனை வைக்கமாட்டார். "உப்பில்லாத தண்ணியில வளந்ததெல்லாம் ஒரு மீனோ தம்பி? சேத்து மணம்" என்பார். வாங்க வந்த ஆட்களின் முன்னாலேயே அதைச் சொல்வார். வியாபாரத்துக்கு அந்த வாய் உதவவே இல்லை.

எங்கள் குடியேற்றம் இரணைமடுவுக்குக் கிழக்கே காட்டோரமாக இருந்தது. மலையகத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் விரட்டப்பட்டு வந்தவர்கள் காடு வெட்டி உண்டாக்கிய ஊர் அது. பிறகு கரையிலிருந்து கத்தோலிக்கச் சனம் இடம்பெயர்ந்து வந்தது. அதற்கும் பிறகு, யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட காலத்தில், நானும் மனைவியும் ஒரு சைக்கிளோடு வந்தோம். காரியரில் பாய், தலையணை. கைபிடியில் பெயின்ட் பேணிகள்.

வழியெல்லாம் எங்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். எந்த ஊர்? ஊருக்குள்ளே எந்தப் பக்கம்? ஆற்ற ஆட்கள்? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால்தான் சில வளவுகளில் தண்ணீர் கிடைக்கும். சாதி விசாரிக்கிற எங்கள் சனத்தின் இந்தக் கெட்ட குணத்தைக் குண்டுகூட அழிக்கவில்லை. நாங்கள் வந்து சேர்ந்த அன்று மாரி மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஒரு கொட்டில் வாசலில், கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் தயங்கி நின்றோம்.

"மழைக்க நிண்டு என்ன பூசையோ நடத்துறியள்? உள்ளுக்க வாங்கோ!"

அதுதான் அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை. போனோம். துவாய் தரவில்லை, கதிரை தரவில்லை. அடுப்படியில் மூடி வைத்திருந்த சட்டியைத் திறந்து, சிரட்டையில் கஞ்சியை ஊற்றி என் மனைவியின் கையில் வைத்தார்.

"உங்களுக்கு வைச்சிருந்ததை எங்களுக்குத் தாறியள் போல" என்றாள் அவள் கூச்சத்தோடு.

"நான் குடிச்சிட்டன் பிள்ளை. இது வாற ஆளுக்கு வைச்சது."

"ஆர் வாறதெண்டு இருந்தது?"

"அது வந்தாத்தானே தெரியும். நீங்கள் வந்திருக்கிறியள். குடியுங்கோ."

பின்னால் விசாரித்தபோதுதான் விளங்கியது, அது எங்கள் அதிர்ஷ்டமில்லை, அவருடைய தினசரி வழக்கம் என்று. எவ்வளவு குறைவாகக் காய்ச்சினாலும் ஒரு ஆளின் பங்கை எடுத்து மூடி வைத்துவிடுவார். பாய் விரித்தாலும் ஓரத்தில் ஒரு ஆள் படுக்க இடம் விடுவார். ஒருநாள் கனகராயன்குளத்துக்குப் பஸ்ஸில் போனபோது, தன் சீற்றில் ஒடுங்கி ஒடுங்கி இருந்து, நின்றவர்களையெல்லாம் விட்டுவிட்டு, அடுத்த தரிப்பில் ஏறப்போகிற யாருக்கோ இடம் பிடித்துக் கொண்டுபோனார். நடத்துனர் ஏசினார். அக்கா விடுவாரா, திருப்பி ஏசினார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கட கரையில வலை இழுக்கேக்க கயிற்றில கை வைச்சவன் ஆராயிருந்தாலும் கறிக்கு மீன் குடுக்கோணும் தம்பி. நீ ஆர், ஆற்ற மோன் எண்டு கேக்கிறேல்லை. எங்கட மாமா அதுக்கும் மேலால ஒரு வேலை செய்வார். மணலில மீனைக் கூறு கூறா வைக்கேக்க, நிக்கிற ஆக்களை விட ஒரு கூறு கூட வைப்பார். கடைசியா வாறவனுக்கு எண்டு. கயிற்றிலயும் கை வைக்காதவனுக்கு!"

"அப்படி ஆரும் வருவினமோ?"

"வராத நாள் காகம் திண்டும். அதுக்காக வைக்காம விடுறதோ?"

அவருடைய வீட்டில் அந்தக் காகம் அவருடைய மகன்தான். இருபது வயதைத் தாண்டிய பெடியன். உழவு இயந்திரம் ஓட்டுவதிலும் பிரித்துப் பூட்டுவதிலும் விண்ணன். மண்ணெண்ணெயில் ஓட வைப்பான், என்னத்திலோ எல்லாம் ஓட வைப்பான். பொழுதுபடும் நேரத்தில், அன்றைக்கு யாரும் வரவில்லை என்று தெரிந்தால், வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து படலையில் நின்று குரலை மாற்றிக் கூப்பிடுவான்.

"அம்மா தாயே, தூரத்து ஆள் வந்திருக்கிறன். கஞ்சி கிஞ்சி கிடக்கோ?"

"எந்தத் தூரம்?"

"நெடுந்தூரம் அம்மா. உங்கட வயித்துக்குள்ளயிருந்து வாறன்."

அகப்பை பறந்து வரும். பிறகு கஞ்சியும் வரும். தினமும் நடக்கிற கூத்துத்தான். ஆனாலும் பக்கத்துக் கொட்டிலில் இருந்த நாங்கள் தினமும் சிரித்தோம். அந்த நாட்களில் எங்களுக்குச் சிரிக்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அந்தக் காலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சந்தியில் ஒரு பெரிய பாலைமரம். இடம்பெயர்ந்து போகிறவர்கள் அதன் கீழே இளைப்பாறித்தான் போவார்கள். அன்று வடக்கே எங்கிருந்தோ ஒரு உழவு இயந்திரம், பின்னால் பூட்டிய பெட்டி நிறையச் சனத்தோடு வந்து, சில்லுக் காற்றுப்போய் அங்கே நின்றது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். அக்காவின் மகன் திருகுசாவிப் பையோடு ஓடினான். அக்கா பெட்டியில் இருந்த தலைகளைப் பார்த்தார். மூடி வைத்த கஞ்சி போதாது, தண்ணீர் விட்டு நீட்டுவோம் என்று வாளியோடு கிணற்றடிக்குப் போனார். அவர் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றபோதுதான் குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தது.

நான் அங்கே கண்டதை எழுதமாட்டேன். இன்னாருடையது இன்னது என்று பிரிக்க முடியவில்லை என்பதை மட்டும் சொன்னால் போதும். மலையகத்து ஆட்கள் மரத்துக்குப் பின்னால் எல்லோருக்கும் ஒரே புதைகிடங்காக வெட்டினார்கள். பாதர் செபம் சொன்னார். விவசாயச் சங்கத் தலைவர் கற்பூரம் கொளுத்தினார். அவ்வளவு நேரமும் அக்காவின் கையில் அந்த வாளி இருந்தது. அழவில்லை. கிடங்கு வெட்டியவர்களுக்கு அந்தத் தண்ணீரைத்தான் வார்த்துக் குடிக்கக் கொடுத்தார்.

சில நாட்கள் அக்காவுக்கு அயல் வீட்டுச் சாப்பாடு. பிறகு ஒருநாள் அவரே அடுப்பு மூட்டினார். கஞ்சி காய்ச்சினார். வழக்கம்போல ஒரு பங்கை எடுத்து மூடினார். பொழுதுபட்டது. படலையில் யாரும் கூப்பிடவில்லை. என் மனைவி இருக்கமாட்டாமல் எழும்பிப் போய், "அக்கா, எனக்குப் பசிக்குது" என்றாள். பசி இல்லை அவளுக்கு. அக்காவுக்கும் அது தெரியும். எடுத்துக் கொடுத்தார். அன்றிரவு நான் கோபத்தில் அழுதேன். யாரில் கோபம் என்று கேட்டால் அன்றும் சொல்லத் தெரியாது, இன்றும் தெரியாது.

ஒரு வருசம் நெருங்கியபோது அந்தக் கிடங்கின் மேல் ஏதாவது செய்ய வேண்டும் என்று பாலைமரத்தடியில் கூடினோம். வன்னிக்குள் சீமெந்து வராத காலம். ஆகவே கல்தான் என்பதில் எல்லோரும் ஒன்று. மற்ற எல்லாவற்றிலும் ஆளுக்கொரு பக்கம்.

சங்கத் தலைவர் தோட்டத்துப் பேச்சை விடாத மனிதர். "பாறை நான் பாத்துத் தாரேங்க. கொளத்துக் கட்டுக்குக் கீழ நல்லதா ஒண்ணு கெடக்கு. ஆனா எங்க வழக்கத்துல செத்தவங்களுக்கு ஊனுன கல்லைக் கருமாதியோட புடுங்கித் தண்ணியில விட்டுடணும். அப்படியே வச்சிருந்தா அதுங்க போக மாட்டாம இங்கயே சுத்திக்கிட்டு நிக்கும்னு சொல்லுவாங்க."

"நிண்டால் நிக்கட்டுமே. எங்கட பிள்ளையள்தானே" என்றார் கரைச் சனத்தில் ஒருவர். "ஆனால் சிலுவை இல்லாமல் வெறுங் கல்லை எப்படிக் கும்பிடுறது? கல்லறைத் திருநாளுக்கு எதில மெழுகுதிரி கொளுத்துறது?"

சிலுவை வைத்தால் சூலமும் வேண்டும் என்றது ஒரு குரல். இரண்டும் வைத்தால் எது மேலே எது கீழே என்றது இன்னொன்று. எனக்கோ என் தொழில் நாக்கு நுனியில் நின்றது. எழும்பி, பெயர்களை மட்டும் எழுதுவோம், பெயருக்குச் சண்டை இல்லை என்றேன். கூட்டம் அப்படியே குளிர்ந்துவிட்டது. கறுப்புப் பெயின்ட் முடிந்துபோனாலும் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துச் சமாளிப்பேன் என்றும் சொன்னேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பேர் வேண்டாம்" என்றது கரகரத்த குரல்.

எல்லோரும் திரும்பினோம்.

"ஏன் அக்கா?"

"எங்கட ஊர்ப் பேர் எல்லாம் எழுதுவாய். அந்தப் பெட்டியில வந்ததுகளின்ர பேர் உனக்குத் தெரியுமோ? அதுகளும் உதுக்குள்ளதானே கிடக்குதுகள்?"

அதற்கும் என்னிடம் வழி இருந்தது. "கடைசியில 'மற்றும் பெயர் தெரியாதோர்' எண்டு போடலாம் அக்கா. அப்படிப் போடுறது வழக்கம்."

"மற்றுமோ?" அக்காவுக்குச் சன்னதம் வந்துவிட்டது. "மற்றும் எண்டால் என்ன? கூறு வைச்ச பிறகு வலையில ஒட்டிக் கிடக்கிற குப்பை மீனோ? வழியில வந்து, எங்கட மரத்தடியில நிண்டு செத்ததுகள். கடைசியில ஒரு மூலையில தள்ளிவிடப் போறியோ?"

அப்போது ஒரு தாய் எழும்பினாள். வேடிக்கை பார்க்கப் போன இரண்டு பெண்பிள்ளைகளையும் ஒன்றாகப் பறிகொடுத்தவள்.

"உனக்கென்ன, கல்லு மனமோ? பள்ளிக்கூட இடாப்பிலயும் என்ர பிள்ளையளின்ர பேரை வெட்டிப்போட்டாங்கள். பங்கீட்டு அட்டையிலயும் வெட்டிப்போட்டாங்கள். இனி நான் அந்தப் பேர்களை எங்க போய்ப் பாக்கிறது? இந்தக் கல்லிலயும் வேண்டாமெண்டு சொல்ல நீ ஆர்? உனக்கு ஒண்டும் போகேல்லையோ?"

அக்கா அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி நடந்தார். அவர் முதுகைக் காட்டிப் போனதை நான் அன்றுதான் கண்டேன். பெயர் எழுதுவது என்று முடிவாயிற்று.

ஆனாலும் கல்லை இழுக்கிற நாளில் முதல் ஆளாக வந்து நின்றார். "கல்லோட எனக்கென்ன கோவம்? கயிறெண்டால் நான் வருவன்" என்றார்.

அது ஒரு ஆள் உயரத்துக்கும் கூடின பாறை. ஒரு முகம் மட்டும் சிலேற் போல வழுவழுப்பு. என் எழுத்துக்கென்றே படைத்தது மாதிரி. மலையகத்து ஆட்கள் அலவாங்கால் நெம்பி அதை உருளைக் கட்டைகள் மேல் ஏற்றிவிட்டார்கள். இழுக்கிற வேலை கரைச் சனத்துக்கு. அங்கேதான் பிழை நேர்ந்தது. கரைவலைக்கு இரண்டு கயிறு. இரண்டு கட்சியாகப் பிரிந்து, தூரத் தூர நின்று இழுக்கத் தொடங்கி, வலை நெருங்க நெருங்க இரண்டு கட்சியும் ஒன்றையொன்று கிட்டி வருவார்கள். அக்கா கல்லுக்கும் அப்படியே இரண்டு கயிறு கட்டி, ஆட்களை வலப் பக்கமும் இடப் பக்கமும் அகட்டி நிறுத்தினார்.

"அம்மா, நேராப் புடிச்சு இழுங்க. இது வலை இல்லீங்க" என்றார் தலைவர்.

"கயிற்றில எனக்குப் பாடம் எடுக்காதேங்கோ" என்றார் அக்கா.

ஏலேலோ என்று குரல் எடுத்தார். கரைச் சனம் கூடப் பாடியது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர்கள் கையில் கயிறு. பின்னுக்கு நடந்து நடந்து இழுத்தார்கள். நான்கூட ஒரு நுனியில் கை வைத்தேன். வரும் வழியெல்லாம் கல் சொன்னபடி கேட்டது. பாலைமரத்துக்கு வந்து, இரண்டு கட்சியும் கிட்ட வேண்டிய நேரத்தில், ஒரு பக்கம் முந்திவிட்டது. வலை என்றால் வளைந்து கொடுத்திருக்கும். கல் வளையுமா? குறுக்கே திரும்பி, கட்டையை விட்டு வழுக்கி, மண்ணுக்குள் தலைகாட்டிக்கொண்டிருந்த இன்னொரு பாறையில் போய் விழுந்தது. வெடி வைத்தது போல ஒரு சத்தம். இரண்டாகப் பிளந்து கிடந்தது.

பாட்டு நின்றது. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"வேணுமெண்டு உடைச்சுப்போட்டா" என்றது பின்னால் ஒரு குரல்.

அக்காவின் முகம் கறுத்துவிட்டது. கழுத்துச் சுரூபத்தைப் பிடித்துக்கொண்டார். "மடு மாதா அறிய நான் தெரிஞ்சு செய்யேல்லை. பிழை என்னிலதான். அந்தாள் சொன்னவர், நான் கேக்கேல்லை." சண்டையே சீவியமாக இருந்த பெண், அத்தனை பேருக்கும் நடுவில் நின்று இரண்டு கையையும் தலையில் வைத்து அழுதார். மகன் செத்த அன்று வராத அழுகை அன்று வந்தது. நான் அவரை நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

வேறு பாறை பெயர்க்க நாளில்லை. கிடக்கிறதைத் தூக்கி நிறுத்துவோம் என்றார் தலைவர். இரண்டு துண்டையும் தனித்தனிக் குழியில், உடைந்த முகம் ஒன்றையொன்று பார்க்க நிறுத்தினார்கள். அடியில் சல்லி போட்டு இடிக்க நடுவில் ஒரு ஆள் நின்றாக வேண்டும். அதனால் ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி விட்டார்கள். இறுகிய பிறகு களியும் கல்லும் போட்டு அந்த இடைவெளியை அடைத்துவிடுவது என்று கதை. வழுவழுப்பு முகமும் நடுவால் பிளந்து போனதில், இந்தப் பாதியில் கொஞ்சப் பெயரும் அந்தப் பாதியில் கொஞ்சப் பெயருமாக எழுதலாம் என்று நான் பேணியைத் திறந்து கரியைக் குழைக்கத் தொடங்கினேன்.

இடித்துக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர் குடிக்க விலகிய நேரம், அந்தத் தாய் மெல்ல நடந்து வந்து இடைவெளிக்குள் போனாள். இடது கையை ஒரு துண்டில் வைத்தாள். வலது கையை மற்றத் துண்டில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வெயில் குடித்த கல், சூடாக இருந்திருக்கும். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது.

வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "தம்பி, இதை அடைக்க வேண்டாம். எழுதவும் வேண்டாம். ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம் நிக்கிற மாதிரிக் கிடக்கு. எழுதினால் பிறகு அது எல்லாருக்குமான கல்லாப் போயிடும். இப்ப உள்ளுக்குப் போனால் என்ர பிள்ளையள் மட்டும்தான்."

அவள் சொன்ன பிறகு மறுத்துச் சொல்ல யாரும் இல்லை. நான் பேணியை மூடினேன். அக்கா தூரத்தில், மரவேரில் குந்தியிருந்தார். வென்ற முகமாக இல்லை. அந்தத் தாய் அவரிடம் போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

அப்படித்தான் அது நின்றது. சிலுவை இல்லை, சூலம் இல்லை, எழுத்து இல்லை. இரண்டு கரடுமுரடான கல், நடுவில் ஒரு ஆள் நிற்க இடம். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது. இதென்ன, வேலை முடியவில்லையா என்று கேட்பார்கள். வைத்தவர்கள் நாங்களே என்னவென்று சொல்லத் தெரியாமல், உள்ளே போய் நின்று பாருங்கள் என்போம். கல்லறைத் திருநாளுக்குக் கரைச் சனம் அடியில் மெழுகுதிரி ஏற்றியது. தை அமாவாசைக்கு மலையகத்துச் சனம் சோறு படைத்தது. அவரவர் முறை வந்ததும் உள்ளே போய் நின்றுவிட்டு வந்தார்கள். அக்கா மட்டும் போகவில்லை. சுற்றிக் கூட்டுவார், சருகு அள்ளுவார், ஆடு மாட்டைத் துரத்துவார். உள்ளே போகமாட்டார்.

மறு வருசம் ஒரு மனிதர் சைக்கிளில் வந்தார். பளைப் பக்கத்து ஆள். வெயிலில் வதங்கிப்போயிருந்தார். இங்கே செத்தவர்களுக்குக் கல் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பெயர் பார்க்க வந்தாராம். தம்பி ஒருவன் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்தானாம். எங்கே இறங்கினான் என்று யாருக்கும் தெரியாதாம்.

"சாப்பிட்டியளோ?" என்றார் அக்கா. மூடி வைத்த கஞ்சியை எடுத்துக் கொடுத்தார். அவர் குடித்து முடிந்ததும் சந்திக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன்.

அந்த மனிதர் இரண்டு கல்லையும் சுற்றிச் சுற்றி வந்தார். தடவிப் பார்த்தார். "பேர் ஒண்டையும் காணேல்லையே" என்றார்.

"எழுதேல்லை. உள்ளுக்குப் போய் நில்லுங்கோ."

"அக்கா, என்ர தம்பி இதுக்குள்ளதானோ எண்டு தெரியாதே."

"தெரியாட்டியும் நில்லுங்கோ."

போய் நின்றார். முதலில் விறைத்துப்போய் நின்றார். பிறகு ஒரு பக்கத்துக் கல்லில் தோளைச் சாய்த்தார். பிறகு தலையையும் சாய்த்தார். அவர் குரல் விட்டு அழுதபோது அக்கா என்னைக் கையைப் பிடித்து அப்பால் இழுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது அந்த மனிதர் அக்காவைக் கும்பிட்டார். அவர் பெயரையோ தம்பியின் பெயரையோ அக்கா கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன். நான் ஆசைப்பட்டபடி எழுதியிருந்தால், அவர் மேலிருந்து கீழ்வரை வாசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று சைக்கிளைத் திருப்பியிருப்பார். அன்றுதான் என் தொழிலின் அளவு எனக்குப் பிடிபட்டது.

அதன் பிறகும் ஓடினோம். ஒருவருக்கொருவர் சொல்லாமல் திசைக்கொன்றாய்ச் சிதறினோம். அக்கா கரைக்கே திரும்பிவிட்டார் என்றார் ஒருவர். மடுப் பக்கம் கண்டேன் என்றார் இன்னொருவர். எதுவும் நிச்சயமில்லை. எங்கே இருந்தாலும் அந்த அடுப்படியில் ஒரு சட்டி மூடித்தான் இருந்திருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

ஆனால் எனக்குக் கடைசியாய் நிற்பது, அந்தச் சைக்கிள்காரர் வந்துபோன அன்றைய பின்னேரம். அக்கா என் கொட்டில் வாசலில் வந்து நின்றார். கையில் வாளி. அதே வாளி.

"தம்பி, உன்ர பெரிய தூரிகையை எடுத்துக்கொண்டு வா."

"பெயின்ட்?"

"அது வேண்டாம்."

கல்லடியில் வாளியை வைத்தார். நிறையத் தண்ணீர்.

"என்ர மோன்ர பேரைத் தண்ணியில எழுது. நான் ஒருக்கா அவன்ர பேரைப் பாக்கோணும்."

என் தொழிலில் நான் அவ்வளவு கவனமாக எழுதியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தூரிகையைத் தோய்த்து, பிளந்துபோன வழுவழுப்பு முகத்தில், கோயில் கோபுரத்துக்கு எழுதுகிற மாதிரிப் பெரிய எழுத்தாக எழுதினேன். சூடான கல்லில் தண்ணீர் பட்ட இடம் கன்னங்கரேலென்று எழும்பி நின்றது. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. கல்லில் முட்டாமல், விரலால் காற்றில் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு வந்தார்.

"எது முதல் எழுத்து?"

காட்டினேன். அதற்குள் அது மங்கத் தொடங்கிவிட்டது.

"வடிவா இருக்கு" என்றார்.

எழுத்து எழுத்தாகக் காய்ந்தது. கடைசி எழுத்தின் கால் மட்டும் கொஞ்ச நேரம் தங்கி நின்று, அதுவும் போயிற்று. கல் பழையபடி வெறுங் கல்.

"இன்னொருக்கா எழுதட்டோ அக்கா?"

"வேண்டாம். போதும். இனி வாற ஆளுக்கு விடு."

வாளியை என்னிடம் தந்தார். பிறகு அந்தக் கல்லைப் பார்த்தபடியே பின்னுக்கு நடக்கத் தொடங்கினார். கயிறு ஒன்றைப் பிடித்திருக்கிறவர் போல இரண்டு கையும் இடுப்பளவில் நின்றன. வேலித் திருப்பம் வந்து மறையும்வரை அவர் முதுகைக் காட்டவில்லை.